இரண்டாம் படியில் யானை கிடையாது

6 ஜனவரி, திங்கள்

விரல் பயிற்சி. தினம் ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன்.

7 ஜனவரி, செவ்வாய்

பேனா விழுந்துகொண்டே இருக்கிறது.

9 ஜனவரி, வியாழன்

எதை எழுதுவது என்று பிசியோ மேடத்திடம் கேட்டேன். "உங்களைப் பத்தி எழுதுங்க" என்றார். சரி.

பெயர் ரேணுகா. வயது முப்பத்து மூன்று. முதல்நிலைப் பெண் காவலர், திருச்சி. அக்டோபரில் வயிற்றுப்போக்கு. அது நின்ற பிறகு பாதம் மரத்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. கடைசியில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். உடம்பே தன் நரம்புகளைத் தாக்கிக்கொள்ளும் நோயாம். இப்போது குழாய் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறை வரை நடப்பேன். முழுக்கக் குணமாகும், ஆனால் மெதுவாக என்கிறார் டாக்டர். எவ்வளவு மெதுவாக என்று கேட்டால் சிரிக்கிறார்.

இதை எழுதி முடிப்பதற்குள் குக்கர் வைத்து, இறக்கி, சாப்பாடும் ஆகிவிட்டது.

11 ஜனவரி, சனி

தியாகு தலைக்குக் குளிப்பாட்டிவிட்டான். கணவனை 'ன்' போட்டு எழுதுவதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. காலேஜிலிருந்தே அவன் எனக்குத் தியாகுதான். மாமியார் இருந்தவரை அவர் காதுக்காக மட்டும் 'என்னங்க' போட்டேன்.

சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது. கண் சிவந்தது அதனால்தான்.

12 ஜனவரி, ஞாயிறு

தியாகு தன் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டான். ஞாயிறன்றும் கூட்டம் இருக்கும். அவன் தம்பி நந்தகோபால் தன் கூட்டாளிகள் இரண்டு பேரை வீட்டுக்குக் கூட்டி வந்தான். நந்து பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட், எங்களோடுதான் இருக்கிறான். வந்தவர்களில் பெனிட்டா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஷாகுல் பைக் ஷோரூமில். ஞாயிறுதோறும் ஏதோ விளையாடுவார்களாம். விளையாடிக்கொண்டிருந்த அறையை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டதால் இனி எங்கள் ஹாலில் விளையாட்டு.

"அண்ணி, ஒரு ஆள் கொறையுது. நீங்க வர்றீங்களா?"

"என்ன விளையாட்டு? தாயமா?"

"தாயம் மாதிரி பகடை உண்டு. காய் கிடையாது, கதைதான். நான் கதைய நடத்துவேன். நீங்க அதுக்குள்ள ஒரு ஆளு. என்ன பண்ணப்போறீங்கன்னு நீங்க சொல்லணும். அது நடக்குதா இல்லையான்னு பகடை சொல்லும்."

எழுந்து வேறு எங்கும் போக முடியாததால் ஒப்புக்கொண்டேன். பெனிட்டா வைத்தியச்சி. ஷாகுல் வில்லாளி. எனக்கு உருமாறி என்ற வேடம் கிடைத்தது. நினைத்தபோது விலங்காக மாறலாமாம்.

"யானை" என்றேன்.

நந்து தலையைச் சொறிந்தான். "அண்ணி, நீங்க இப்பதான் ரெண்டாம் படில இருக்கீங்க. ரெண்டாம் படியில யானை கிடையாது."

"வேற என்னதான் உண்டு?"

"கீரி, நாய், மிஞ்சிப்போனா ஆட்டுக்கிடா. ஒவ்வொரு மிருகத்தோட பலத்துக்கும் ஒரு எண் இருக்கு. உங்க படிக்கு மேல அந்த எண் போகக் கூடாது. படி ஏற ஏற பெரிய மிருகம்."

கீரியானேன். பாம்பு ஒன்று என்னைக் கடித்துக் கீரியின் உயிர் தீர்ந்துவிட்டது. செத்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லையாம். விலங்கின் உயிர் தீர்ந்தால் உருமாறி தன் சொந்த உடம்புக்குத் திரும்பிவிடுவாள். மாறுவதற்கு முன் சொந்த உடம்பில் எவ்வளவு உயிர் இருந்ததோ, அது குறையாமல் அப்படியே இருக்கும். நந்துவை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். நல்ல விதி.

19 ஜனவரி, ஞாயிறு

கீரியாகத் தானியக் கிடங்குக்குள் நுழைந்து சாவி எடுத்து வந்தேன். ஷாகுல், "அக்கா, சூப்பர்க்கா" என்று கை தட்டினான். சப்பாத்தி மாவு பிசையச் சொல்லி பிசியோ மேடம் உத்தரவு. பிசைந்தேன். சப்பாத்தி ரப்பர் மாதிரி இருந்தது. தியாகு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான்.

25 ஜனவரி, சனி

நந்துவின் விதிப் புத்தகத்தை வாங்கி வாசித்தேன். அவனே தமிழில் எழுதி, தியாகு கடையில் பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டது. குற்றவியல் சட்டம் படித்த மாதிரி அடிக்கோடு போட்டுப் படித்தேன். மாலையில் அவனை உட்கார வைத்து விசாரித்தேன்.

"நேரில் பார்த்த விலங்காக மட்டுமே மாற முடியும்னு போட்டிருக்க. நான் யானையைப் பார்த்திருக்கேன். ஸ்ரீரங்கம் பந்தோபஸ்துல யானைக்குப் பக்கத்துலயே டூட்டி."

"பார்த்தா போதாது அண்ணி. படியும் வேணும்."

"படி இல்லாம மாறினா என்ன ஆகும்? அதுக்கு எந்தப் பிரிவுல என்ன தண்டனை?"

"அப்படி ஒரு பிரிவே இல்ல. மாறவே முடியாது."

"தண்டனை போடாத சட்டத்தை எவன் மதிப்பான்?"

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

28 ஜனவரி, செவ்வாய்

தியாகு கடைக்கும் நந்து வேலைக்கும் போன பிறகு மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போனேன். பிசியோ மேடம் இந்த வாரம் ஒரே ஒரு படி ஏறி இறங்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் ஆள் துணையோடு. ஐந்து ஏறினேன்.

29 ஜனவரி, புதன்

பாதிப் படிக்கட்டு. பயிற்சி மைதானத்தில் விசில் அடித்தால் முதல் ஆளாக ஓடியவள் நான்.

30 ஜனவரி, வியாழன்

படிக்கட்டில் சற்று உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு வசந்தா அக்கா சத்தம் கேட்டு வந்து எழுப்பிவிட்டார். முழங்கையில் லேசான சிராய்ப்பு. குளியலறை ஈரம் வழுக்கிவிட்டது என்று தியாகுவிடம் சொல்லிவைத்தேன். வசந்தா அக்காவும் சொல்ல மாட்டார்.

31 ஜனவரி, வெள்ளி

கால் வரவில்லை.

1 பிப்ரவரி, சனி

பிசியோ மேடம் வந்தார். நரம்பு தளிர்க்கும்போது அளவுக்கு மீறி வேலை வாங்கினால் சோர்ந்துவிடுமாம். "ஏதாவது அதிகமா செஞ்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி சக்கர நாற்காலி.

தியாகு ரப்பர் மேட் வாங்கி வந்தான். குளியலறையில் போட்டான். மிச்சத்தை வெட்டி சமையலறையிலும் கட்டில் பக்கத்திலும் போட்டான். வீடு முழுக்க டயர் கடை வாசனை.

2 பிப்ரவரி, ஞாயிறு

விளையாட்டில் மனம் ஒட்டவில்லை. இடைவேளையில் ஷாகுல் பெனிட்டாவிடம், பழைய அறையின் ஃபேனைச் சரி செய்துவிட்டார்கள், வெயிலுக்கு நன்றாக இருக்கும் என்று ஏதோ சொன்னான்.

"எந்த ரூம்? காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னு சொன்னாங்களே?" என்று கேட்டேன்.

ஷாகுல் நந்துவைப் பார்த்தான். பதினோரு வருட சர்வீஸில் இந்தப் பார்வையை எத்தனை பேரிடம் பார்த்திருப்பேன். மேற்கொண்டு விசாரிக்கத் தேவை இருக்கவில்லை.

தியாகு வந்ததும் கேட்டேன். ஒப்புக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை கடைய மூட முடியல ரேணு. உன்ன தனியா விடப் பயமா இருந்துச்சு. நான்தான் நந்துகிட்ட இங்க வந்து விளையாடச் சொன்னேன்."

"அப்ப இது விளையாட்டு இல்ல. பாரா காவல். நான் கைதி."

"அப்படிச் சொல்லாத."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. டம்ளர் ஒன்று நசுங்கிவிட்டது.

3 பிப்ரவரி, திங்கள்

டம்ளரைத் தூக்கி எறியும் அளவுக்குக் கையில் பலம் வந்திருப்பதாக மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

இனி யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நல்லதுதான். துணி மடித்தேன். சன்னல் வழியே பார்த்தபோது, தெருமுனை டீக்கடை பெஞ்சில் நந்து உட்கார்ந்திருந்தான். மத்தியானம் பார்த்தேன், அங்கேயே இருந்தான். சாயங்காலமும்.

10 பிப்ரவரி, திங்கள்

நந்துவைக் கூப்பிட்டு, வரும் ஞாயிறு கூட்டாளிகளோடு வீட்டுக்கே வந்துவிடச் சொன்னேன். அவ்வளவு டீ வயிற்றுக்கு ஆகாது.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஷாகுல் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் சமோசா வாங்கி வந்தான். பெனிட்டா என் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "போன மாசத்துக்கு இப்ப பிடி நல்லா இருக்குக்கா" என்றாள். மருந்துக்கடைக்காரி பொய் சொல்ல மாட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நந்து புதுப் பிரிவு ஒன்று எழுதி வந்திருந்தான். உரக்க வாசித்தான். படிக்கு மீறிய விலங்காகவும் உருமாறி மாறலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகப் பகடையைப் போட வேண்டும். பத்துக்குக் குறையாமல் விழும்வரை அவளுக்குத் தன் புத்தி இருக்கும். குறைந்தால் புத்தி போய்விடும். அதன்பின் அவள் வெறும் விலங்கு, எதிரில் யார் நின்றாலும் தாக்கும். அவளை மீட்க வேண்டுமானால் ஒரு மனிதர் பக்கத்தில் போய் அவள்மேல் கை வைக்க வேண்டும். கை வைப்பவர் பகடையில் பதினைந்தோ அதற்கு மேலோ எடுத்தால் அவள் திரும்புவாள்.

"எடுக்கலைன்னா?"

"அடுத்த சுத்துல மறுபடி கை வைக்கலாம். உயிரோட இருந்தா."

"இதுல தண்டனை எனக்கு இல்லையே. கை வைக்கிறவனுக்குத்தானே?" என்றேன்.

"ஆமா அண்ணி" என்று சொல்லிவிட்டு நந்து சமோசாவை எடுத்துக்கொண்டான்.

இன்று ஆட்டுக்கிடாவோடு நிறுத்திக்கொண்டேன்.

20 பிப்ரவரி, வியாழன்

இன்ஸ்பெக்டர் மேடம் போன் செய்தார். கட்டுப்பாட்டு அறையில் ஓர் இடம் காலியாம். உட்கார்ந்து பொதுமக்கள் அழைப்பை எடுக்கும் வேலை. மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தால் மார்ச் கடைசியில் சேரலாமாம். "உனக்காகச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் முதலாவதாக வந்தது போன் எடுப்பதற்கா?

தியாகுவிடம் சொல்லவில்லை.

26 பிப்ரவரி, புதன்

மறுபடி வாக்கர். சமையலறை வரை.

2 மார்ச், ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கதையில் மலையடிவார ஊர் ஒன்றில் பெருமழை. ஏரி நிரம்பிக் கரை உடையப்போகிறது. வெள்ளத்தில் வந்த மரங்கள் மதகை அடைத்துக்கொண்டன. அந்த மரங்களை இழுத்துப் போட்டால்தான் தண்ணீர் வடியும். கரைமேல் ஊர்க் குழந்தைகளோடு பெனிட்டாவின் வைத்தியச்சி மாட்டிக்கொண்டாள். நான் கிடாவாக மாறி முட்டிப் பார்த்தேன். மரம் அசையவில்லை.

"வேற வழி இருக்கா?" என்று நந்துவைக் கேட்டேன்.

"உங்களுக்கே தெரியும்."

யானையானேன்.

முதல் சுற்றில் பதின்மூன்று விழுந்தது. முதல் மரத்தை இழுத்துப் போட்டேன். அடுத்தது பத்து. ஷாகுல் மூச்சை இழுத்துவிட்டான். இரண்டாவது மரமும் வந்தது. மதகு திறந்து தண்ணீர் பாய்ந்தது. குழந்தைகள் பிழைத்தார்கள். ஹாலில் ஒரே கூச்சல். நானும் கத்தினேன் போலிருக்கிறது. தியாகு அந்த நேரத்தில் வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

திரும்பவும் மனித உருவுக்கு வர எனக்கு இன்னும் ஒரு சுற்று வேண்டும். போட்டேன். இரண்டு.

நந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். "புத்தி போயிடுச்சு. யானை திரும்பி ஊர்ச் சனத்தப் பார்க்குது. காது ரெண்டும் விரிஞ்சிருக்கு."

பெனிட்டாவின் வைத்தியச்சி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஷாகுலின் வில்லாளி அக்கரையில் இருந்தான், வந்து சேர இரண்டு சுற்றாகும்.

"என்ன ஆச்சு?" என்று தியாகு கேட்டான். ஷாகுல் விளக்கினான்.

"யாராவது பக்கத்துல போய் புடிக்கணும், அவ்வளவுதானே? நான் போறேன்."

"அண்ணே, நீங்க விளையாட்டுலயே இல்ல."

"அந்த ஊர்ல ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் இருக்க மாட்டானா?"

நந்து சிரிக்கவில்லை. ஒரு தாளில் எழுதினான். ஊர்க்காரன். உயிர் நான்கு. "மிதி ஒண்ணு சரியா விழுந்தா ஆள் காலி" என்று எச்சரித்தான். தியாகு பஜ்ஜியை ஓரமாக வைத்துவிட்டு என் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

யானைக்கும் நானே பகடை போட வேண்டும். கையில் எடுத்துவிட்டேன். போட முடியவில்லை. விரல் பலவீனத்தால் அல்ல.

"போடு ரேணு" என்றான் தியாகு.

நான்கு விழுந்தது. மிதி தவறிவிட்டது. அவன் கை வைத்துப் பகடை போட்டான். ஆறு. போதாது.

இரண்டாம் சுற்று. எனக்குப் பன்னிரண்டு. "கால்ல சிக்கல. தும்பிக்கை இழுத்து வீசுது" என்றான் நந்து. "மூணு உயிர் போச்சு. ஒண்ணு பாக்கி. அண்ணே, ஓடிடலாம். ஓடுறதுக்கு விதி இருக்கு."

"நான் ஏன் ஓடணும்? அவதானே அது."

கை வைத்தான். ஒன்பது.

மூன்றாம் சுற்று. எனக்கு மூன்று, மிதி தவறியது. அதற்குள் ஷாகுலின் வில்லாளி வந்து சேர்ந்துவிட்டான். பெனிட்டாவும் குழந்தைகளை மேட்டில் இறக்கிவிட்டு ஓடி வந்தாள். ஷாகுல் கேட்டான், "மூணு பேரும் சேர்ந்து புடிச்சா, பகடைய மொத்தமா கூட்டிக்கலாமா?"

நந்து தன் புத்தகத்தைப் புரட்டினான். "அப்படி எதுவும் எழுதலையே. 'ஒரு மனிதர்'னுதான் போட்டிருக்கேன். ஒருத்தர்தான் புடிக்கணும்."

நான் பேசினேன். "ஒரு மனிதர் கை வைக்கணும்னு இருக்கு. ஒருத்தர் மட்டும்தான் வைக்கணும்னு இல்ல. தடை எழுதாத இடத்துல அனுமதி உண்டு. கூட்டலாம்."

"உங்களுக்குச் சாதகமாச் சொல்றீங்க அண்ணி."

"ஆமா. எனக்குச் சாதகமாத்தான் சொல்றேன். புடிக்கட்டும்."

மூன்று பேரும் சேர்ந்து போட்டார்கள். தியாகுவுக்கு ஐந்து. பெனிட்டாவுக்கு நான்கு. ஷாகுலின் பகடை கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எட்டு. மொத்தம் பதினேழு.

தியாகு எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், பிள்ளைகள் முன்னாலேயே. பஜ்ஜி ஆறிவிட்டிருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

3 மார்ச், திங்கள்

தியாகுவிடம் படிக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். விழுந்ததையும் சொன்னேன். வசந்தா அக்கா வரும்வரை எவ்வளவு நேரம் அங்கே கிடந்தேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப அந்த ரப்பர் மேட்?" என்றான்.

"அது தண்டம்தான்."

சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் அது சிரிப்பாக இல்லை. இரண்டு பேருக்கும்தான். சீயக்காய் எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மேடத்தின் போனைப் பற்றியும் சொன்னேன். "உனக்குப் புடிக்கலைன்னா வேணாம்" என்றான். பிடிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. முகத்தில் எழுதியிருந்ததாம்.

4 மார்ச், செவ்வாய்

காலை, கடைக்குப் போகும் முன் தியாகு படிக்கட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் தோளைப் பிடித்து ஒரு படி. இறங்கினேன். போதும் என்றேன். நானேதான் சொன்னேன்.

9 மார்ச், ஞாயிறு

படிக்கு மீறி மாறியதால் உருமாறி இன்னும் சோர்ந்து கிடக்கிறாள். நாய்கூட ஆக முடியாது. ஒரு கடைக்காரன் வீட்டில் படுத்துக் கஞ்சி குடித்தேன். அந்தக் கடைக்காரன் இப்போது நிரந்தரமாக ஆட்டத்தில் சேர்ந்துவிட்டான். ஞாயிறு மதியத்தோடு கடையை மூடிவிடுவதாக முடிவு. பகடை போடத் தெரியவில்லை, வாய் மட்டும் அதிகம்.

14 மார்ச், வெள்ளி

வாக்கர் வேண்டாம், கைத்தடி போதும் என்றார் பிசியோ மேடம். "இந்த மாசம் பொறுமையா இருந்தீங்க" என்றார். இன்ஸ்பெக்டர் மேடத்துக்கு நானே போன் செய்து, வருகிறேன் என்றேன்.

24 மார்ச், திங்கள்

சீருடை தொளதொளவென்று இருக்கிறது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது, ஷாகுல் ஷோரூமிலிருந்து கருவி கொண்டு வந்து போட்டுக் கொடுத்தான். தியாகு ஸ்கூட்டரில் கொண்டுவந்து கட்டுப்பாட்டு அறை வாசலில் விட்டான். கைத்தடியோடு உள்ளே போனபோது சிலர் எழுந்து நின்றார்கள். சிலருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இரண்டு வகையினருக்கும் வணக்கம் சொன்னேன்.

மூன்று அழைப்புகள் பைக் தகராறு. ஒன்று, குழந்தை போனை வைத்து விளையாடியது. கால் வீங்கியது. முகம் வீங்கவில்லை.

2 ஏப்ரல், புதன்

காலையில் ஒரு பெண்மணியின் அழைப்பு. தனியாக இருக்கிறாராம். அறுபதுக்கு மேல் இருக்கும். பின்கட்டில் விழுந்துவிட்டார், எழ முடியவில்லை. இதற்கெல்லாம் போலீசுக்குப் போன் செய்யலாமா என்று கேட்டு முதலில் மன்னிப்புக் கேட்டார்.

"செய்யலாம்மா. எழுந்திரிக்கப் பார்க்காதீங்க. எந்தப் பக்கமா விழுந்தீங்க?"

வலப்பக்கம் என்றார். ஆம்புலன்சுக்குத் தகவல் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"இருக்காங்க. கூப்பிட்டா என்ன நெனைப்பாங்களோன்னு..."

"என்ன வேணா நெனைக்கட்டும்மா. அவங்க பேரு என்ன?"

"செல்வி."

"சத்தமாக் கூப்பிடுங்க. நானும் லைன்ல இருக்கேன்."

கூப்பிட்டார். முதலில் மெதுவாக. பிறகு நன்றாக. போனில் ஒரு கதவு திறக்கும் சத்தம், ஓடி வரும் கொலுசுச் சத்தம், 'ஐயோ, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா' என்று ஒரு பெண் குரல். ஆம்புலன்ஸ் வரும்வரை வைக்கவில்லை. இடையில் அந்த அம்மா கேட்டார்:

"நீ யாரும்மா பேசுற? போலீசுல இவ்வளவு நேரம் பேச மாட்டாங்களே, ஆஸ்பத்திரிப் பொண்ணா?"

"இல்லம்மா" என்றேன். "போலீசு."